ஆளில்லா நெடுஞ்சாலையில் மோட்டார்ஹோம்: டயரிலிருந்து தொடங்குங்கள்

மோட்டார்ஹோம் பெரும்பாலும் வேன் அல்லது லாரியின் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் கட்டிய வீடுதான். ஊருக்குள் பழுதானால் அலைச்சலோடு போகும். அடுத்த பங்க் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாலையில் அதே பழுது உயிருக்கே ஆபத்து. எனவே பாதி வேலையைக் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலில் எடை. தண்ணீர், டீசல், கேஸ், சாப்பாட்டுச் சாமான், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு எடைமேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருக்கும். பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டியிருக்கும். இந்த வண்டிகளில் இது சர்வசாதாரணம். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ என்பதே பலருக்கு நினைவில் வராது. பின் அச்சுக்கும் அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் சைக்கிளும் பெட்டியும் கட்டினால், பின் சக்கரத்தில் சுமை ஏறுவதோடு முன் சக்கரத்தின் பிடிப்பும் குறையும். கனமானதைத் தாழ்வாக, இரண்டு அச்சுக்கும் நடுவில் வையுங்கள்.

அச்சின் எடை தெரிந்தால்தான் காற்று எவ்வளவு என்று சொல்ல முடியும். டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையில் அந்த எடைக்கு நேராக உள்ள அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, வெயில் ஏறும் முன் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடுவது பெரிய தவறு. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்தச் சூட்டில் ரப்பரும் உள் அடுக்குகளும் பிரிந்து, கடைசியில் டயர் வெடிக்கும். பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள் டயரை யாரும் பார்ப்பதில்லை. வால்வு நீட்டிப்புக் குழாய் போட்டு, அதையும் தினமும் அளந்துவிடுங்கள்.

வருடத்தில் சில வாரங்களே ஓடும் வண்டியில் டயர் தேயாது, ஆனால் கிழடாகும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வயதுக்குப் பிறகு வருடாவருடம் கடையில் கழற்றிப் பார்க்க வேண்டும். ஏழு வயதைத் தொட்டால், பட்டன் (டயர் முகத்தில் இருக்கும் வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது.

பல மோட்டார்ஹோம்களில் ஸ்டெப்னியே தருவதில்லை. தந்திருந்தாலும், கூட வரும் ஜாக்கி சுமை ஏற்றிய வண்டியைத் தூக்குகிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்க அடியில் போட ஒரு கனமான பலகை வேண்டும். காருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர் 60, 70 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு முக்கி முக்கியே சூடாகி நின்றுவிடும். உங்கள் டயருக்கு வேண்டிய அழுத்தத்தைத் தாண்டி ஏற்றக்கூடியதை, பேட்டரியில் நேராகக் கிளிப் போடும் வகையாக வாங்குங்கள். சக்கரம் மாற்றினால் 80 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

ஓடும்போது முன் டயர் வெடித்தால் கால் தானாக பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. ஸ்டியரிங்கை இரு கையாலும் இறுக்கிப் பிடித்து, முதலில் வண்டியை நேராக்குங்கள். பிறகு ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாக இறங்கிய பின் ஓரம் கட்டுங்கள். சக்கரம் தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கினாலும் இதே கதைதான்: வெடுக்கென்று மேலே ஏற்றத் திருப்பினால், உயரமான வண்டி கவிழும்.

மலை இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள், இறங்க ஆரம்பித்த பிறகு அல்ல. பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். வேகம் கூடும்போது ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிட வேண்டும். கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியது சீக்கிரம் கொதித்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

டாங்க் பாதியானதும் அடுத்த பங்க்கில் நிரப்புங்கள். எதிர்க்காற்றில் இந்தப் பெட்டி உருவம் குடிக்கும் டீசல் உங்கள் கணக்கைக் கவிழ்க்கும். குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், வெயில் காலமென்றால் அதற்கும் மேல். தொட்டியில் இருப்பதைக் கணக்கில் சேர்க்காமல் தனிக் கேன்களில் இருக்கட்டும். பொழுது சாயும் முன் நிறுத்திவிடுங்கள். அந்தியிலும் விடியலிலும்தான் விலங்குகள் அதிகம் குறுக்கே வரும், உயரமான வண்டியைச் சட்டென ஒடிக்கவும் முடியாது. சாலையில் ஓடும் வெள்ளத்தில் இறங்காதீர்கள். 30 சென்டிமீட்டர் நீரே பல கார்களை மிதக்கவிடும். வண்டி கனமாக இருக்கிறதே என்ற தைரியம் இங்கே உதவாது, அடியில் சாலை அரித்துப் போயிருந்தாலும் தெரியாது.

ஓடும்போது கேஸ் சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதற்கான அலாரம் தரையருகே இருக்க வேண்டும். எரியும் அடுப்பிலும் ஜெனரேட்டர் புகையிலும் வரும், வாசனையே இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்குத் தனி அலாரம், படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதோ, ஜன்னலோரம் ஜெனரேட்டரை ஓடவிடுவதோ கூடவே கூடாது.

கைபேசி சிக்னல் இல்லாத இடத்துக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்கு உதவி சிக்னல் அனுப்பும் கருவி) அல்லது செயற்கைக்கோள் மெசஞ்சர் வேண்டும். பீக்கனுக்கு மாதச் சந்தா இல்லை, ஆனால் உங்கள் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும். பதில் பேச வசதி கிடையாது. மெசஞ்சரில் செய்தி அனுப்பலாம், பெறலாம், சந்தா உண்டு. இவற்றோடு, எந்த வழி, எந்த நேரத்துக்குள் தகவல் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். மேலிருந்து தேடுபவர் கண்ணுக்கு மனிதர் தெரியமாட்டார், வெள்ளைக் கூரை தெரியும். தண்ணீரும் நிழலும் அங்கேதான் இருக்கின்றன.