மலிவான கிளாஸ் டி போர்ட்: முதலில் மீற்றர், பிறகுதான் சோல்டர்

யாழ்ப்பாணத்தில் இப்போது ஓட்டோவிலும் ரியூசன் கொட்டிலிலும் வாசிகசாலையிலும் ஓடுகிற அம்பிளிபயர்களைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சீனக் கிளாஸ் டி போர்ட்தான் இருக்கும். எனக்கு இந்தப் போர்ட்களில் பெரிய மதிப்பு உண்டு. பழைய வகை அம்பிளிபயர்கள் எடுக்கும் மின்சாரத்தில் ஒரு பெரும் பங்கைச் சூடாக்கியே தொலைத்துவிடும். கிளாஸ் டி (மின்சாரத்தை மிக வேகமாக ஓன்-ஓவ் பண்ணி ஒலியைப் பெருக்கும் வகை) அப்படியல்ல, பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடும். தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனத்துக்கு, ஒரு 12 வோல்ட் பற்றரியில் இரவு முழுக்கப் பாட்டுக் கேட்கலாம் என்றால் அதன் அருமை தெரியும்.

அதனால் இவற்றைக் குப்பையில் எறிய எனக்கு மனம் வராது. "ஐசி போயிட்டுது அண்ணை" என்று கொண்டுவந்து தரும் போர்ட்களில் பலவற்றில் ஐசி, அதாவது ஒலியைப் பெருக்கும் அந்தச் சிப், நன்றாகத்தான் இருக்கும். பழுது பவரில் இருக்கும், அல்லது வயர் கொடுத்த விதத்தில் இருக்கும். அளந்து பார்க்காமல் சோல்டர் அயனைச் சூடாக்குவதால்தான் உண்மையில் போர்ட் சாகிறது.

முதலில் பவர். டிபிஏ3116 (TPA3116) என்ற ஐசி உள்ள போர்ட்டில் 2×50 வாட் என்று போட்டிருப்பார்கள். அது 21 வோல்ட் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கரில், ஒலி 10 சதவீதம் சிதையும் நிலையில் கிடைப்பது. நீங்கள் 12 வோல்ட் கொடுத்தால் 8 ஓம் ஸ்பீக்கரில் சுத்தமான ஒலியாக 9 வாட்டைத் தாண்டாது. வோல்டை வோல்டால் பெருக்கி, ஓமின் இரண்டு மடங்கால் வகுத்துப் பாருங்கள். அதே போர்ட்டுக்கு பழைய லப்டொப்பின் 19 வோல்ட் சார்ஜரைக் கொடுத்தால் 22 வாட் வரும். "சத்தம் காணாது, கரகரக்குது" என்ற முறைப்பாடு பாதி இங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் வோல்ட்டைக் கூட்டுவதற்கு முன் பவர் வரும் இடத்தில் உள்ள பெரிய கப்பாசிட்டரின் உடம்பில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 25 வோல்ட் என்று இருந்தால் 24 வோல்ட் கொடுக்கவே கூடாது. 1000 மைக்ரோஃபரட், 35 வோல்ட் ஒன்றை மாற்றிப் போடுங்கள். கால்களைக் குட்டையாக வெட்டி, ஐசிக்குக் கிட்டவாகப் போடவேண்டும்.

ஐசியின் பெயரையும் பார்க்க வேண்டும். டிபிஏ3116 என்றால் 4.5 முதல் 26 வோல்ட் வரை தாங்கும். பிஏஎம்8610 என்றால் 15 வோல்ட் வரைதான். ஓட்டோ ஓடும்போது பற்றரியில் 14.4 வோல்ட் வரை ஏறும், ஆகவே அதை ஓட்டோவுக்குப் போட நான் சம்மதிப்பதில்லை. சின்னப் பிஏஎம்8403 என்றால் 5 வோல்ட் போன் சார்ஜர் மட்டும். இன்னொன்று: உண்மையான 3116க்கு வெப்பம் போகும் உலோகத் தட்டு மேற்பக்கம் இருக்கும். ஹீற்சிங்கை (ஐசியின் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டை) கழற்றினால் மேலே வெறும் கறுப்புப் பிளாஸ்ரிக் மட்டும் தெரிகிறதென்றால் அது வேறு ஐசி.

சந்தேகமான போர்ட்டுக்கு நேரே பவர் கொடுக்காதீர்கள். ஓட்டோ சிக்னலுக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்றை பிளஸ் வயரில் தொடராகப் போட்டு, 12 வோல்ட்டில் ஒருக்கா ஓன் பண்ணுங்கள். நல்ல போர்ட் சும்மா இருக்கும்போது மிகக் கொஞ்ச மின்சாரம்தான் எடுக்கும், பல்ப் எரியாது. பல்ப் பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷோர்ட், அதற்கு மேல் பவர் கொடுக்க வேண்டாம்.

பல்ப் எரியவில்லை, ஆனால் சத்தமும் இல்லை என்றால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மீற்றரை டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பவர் மைனஸில், சிவப்பு முனை ஸ்பீக்கர் முனைகளில் ஒவ்வொன்றாக. பெரும்பாலான 3116 போர்ட்களில் நான்கு முனைகளிலும் கொடுத்த வோல்ட்டின் பாதி காட்டவேண்டும். 12 கொடுத்தால் 6 அளவில். ஒன்றில் மட்டும் பூச்சியமோ முழு 12ஓ காட்டினால் அந்தப் பக்கம் செத்துவிட்டது. நான்கிலும் பூச்சியம் என்றால் ஐசி ஓய்ந்து நிற்கிறது. ஐசியை ஓன், ஓவ் பண்ணும் ஷட்டவுன் காலை இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர் கழன்றிருக்கலாம், பவர் குறைவாக இருக்கலாம். கடைசியில்தான் ஐசியைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த "பாதி வோல்ட்" விசயத்தை நன்றாக மனதில் வையுங்கள். பழைய அம்பிளிபயர்களில் ஸ்பீக்கரின் ஒரு முனை கிரவுண்டில் (பவர் மைனஸில்) இருக்கும். இதில் இரண்டு முனையும் உயிருள்ளவை. ஓட்டோவில் முன்பு இருந்த ஸ்பீக்கர் வயரின் மைனஸை ஓட்டோவின் பொடியில் (தகர உடம்பில்) கொடுத்திருப்பார்கள். அதே வயரை இந்தப் போர்ட்டுக்குக் கொழுவினால் ஷோர்ட்தான். இரண்டு ஸ்பீக்கர் மைனஸையும் ஒன்றாக முறுக்குவதும் அதே கதை. ஓன் பண்ணியதும் டிக் டிக் என்று விட்டுவிட்டு வந்தால் போர்ட் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். ஸ்பீக்கரைக் கழற்றியதும் அது நின்றால் வயரைத் தேடுங்கள், நிற்காவிட்டால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது, பாட்டே இல்லாத நேரத்தில் வரும் இரைச்சல். இதற்குக் காரணம் பெரும்பாலும் கெயின், அதாவது உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு, கூடியிருப்பது. 3116இல் 20, 26, 32, 36 டெசிபெல் என்று நாலு படி உண்டு. எந்தப் படி என்பதைக் கெயின் காலில் உள்ள இரண்டு சின்ன ரெசிஸ்டர்கள் தீர்மானிக்கும். கிரவுண்டுக்குப் போவது 203 என்றும் மற்றது 104 என்றும் இருந்தால், அதாவது 20 கிலோ ஓமும் 100 கிலோ ஓமும், அது 26. கிரவுண்டுப் பக்கம் 393 என்றால் 32. போனிலிருந்து பாட்டுப் போட 20 தாராளமாகக் காணும். 104ஐக் கழற்றி எறிந்துவிட்டு, கிரவுண்டுப் பக்கம் 5.6 கிலோ ஓம் போடுங்கள். ஐசி இதை ஓன் ஆகும் நேரத்தில் மட்டும்தான் வாசிக்கும், ஆகவே பவரை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும்.

இதோடு இன்னொரு நன்மையும் சேர்ந்து வரும். கெயின் 36இல் ஐசியின் உள்ளீட்டுத் தடை 9 கிலோ ஓம்தான், 20இல் அது 60 கிலோ ஓம். உள்ளே வரும் இடத்தில் உள்ள கப்பாசிட்டர் 1 மைக்ரோஃபரட் என்றால், பாஸ் (தாழ்ந்த ஒலி) விழத் தொடங்கும் இடம் 18 ஹேர்ட்ஸிலிருந்து 3க்கு இறங்கிவிடும். ரியூசன் வகுப்பு மைக்குக்கு நான் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் போவேன்: கெயின் 26இல், 0.1 மைக்ரோஃபரட் போட்டால் 50 ஹேர்ட்ஸுக்குக் கீழ் குறைந்துவிடும். தகரக் கூரைக்குக் கீழ் 'தொம் தொம்' என்ற முழக்கம் தணிந்து, வாத்தியாரின் சொல் கடைசி வாங்கு வரை தெளிவாகப் போகும்.

புளூடூத் போர்ட்டில் பாட்டு மாறும்போது 'கிரீச்' என்று கீச்சிட்டால் கெயினைக் குற்றம் சொல்லாதீர்கள். புளூடூத்தும் அம்பிளிபயரும் ஒரே கிரவுண்டைப் பகிர்வதால் வருவது அது. பி0505எஸ் (B0505S) என்ற சின்ன ஐசொலேட்டட் (இரு பக்கக் கிரவுண்டையும் பிரித்து வைக்கும்) மொடியூலை இடையில் போட்டு புளூடூத்துக்குத் தனி 5 வோல்ட் கொடுத்தால் அடங்கிவிடும்.

பத்து நிமிடம் சத்தமாகப் போட்டபின் கொயில்களை (செப்புக் கம்பிச் சுற்றுகளை) தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் அவை சிறியவை. அதே 10 மைக்ரோஹென்றியில் கூடிய அம்பியர் தாங்குவதைப் போடுங்கள். ஹீற்சிங்குக்குக் கீழ் ஒட்டியிருக்கும் பசை நாடாவை உரித்துவிட்டு வெப்பப் பேஸ்ற் மெல்லிசாகப் பூசி, திருகாணியால் இறுக்குவது நல்லது.

குருநகர், பாசையூர்ப் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்றை மறக்கக் கூடாது. வொலியூம் கரகரப்பது முதலில் அங்கேதான் தொடங்கும். கொன்ராக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தரம் திருப்பினால் சரி வரும். வேலை எல்லாம் முடிந்தபிறகு போர்ட்டின் கீழ்ப்பக்கத்தை பிளக்ஸ் (சோல்டர் பிடிக்க உதவும் பசை) போகக் கழுவிக் காயவைத்து, மெல்லிய வார்னிஷ் ஒன்று பூசுங்கள். வொலியூமுக்குள்ளும் சொக்கற்றுக்குள்ளும் மட்டும் அது போகாமல் ரேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் இதைச் செய்துவிட்டால் நல்லது.