சிங்கப்பூரில் முதல் பிஸ்டல் வாங்குகிறீர்களா? முதலில் உங்கள் கையைப் பாருங்கள்

"வீட்டுப் பாதுகாப்புக்கு எந்த பிஸ்டல் நல்லது?" என்று யூடியூபில் தேடிப் பாருங்கள். அமெரிக்காக்காரர்கள் மணிக்கணக்கில் பேசித் தீர்த்திருப்பார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டு நம்மூர்ப் பிள்ளைகளும் அதே கேள்வியோடு சுடுதளத்துக்கு வருகிறார்கள். பதில் சின்னது: சிங்கப்பூரில் அந்த வேலைக்கென்று எந்த பிஸ்டலும் கிடையாது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு மட்டும் உண்டு. அப்படி ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: சட்டத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம்

1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டால் மரண தண்டனை. சுட முயன்றாலும் அதேதான். குண்டு யார் மேலும் படவில்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

காற்றில் இயங்கும் ஏர் பிஸ்டலுக்கும் காவல்துறை உரிமம் வேண்டும். ஜெல் குண்டு சுடும் பொம்மைத் துப்பாக்கி, ஏர்சாஃப்ட் துப்பாக்கி எதையும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வரவழைக்காதீர்கள். பிஸ்டல் வடிவ சிகரெட் லைட்டரைக்கூட நம் சுங்கத்துறை உள்ளே விடாது. தாய்லாந்துக்குச் சுற்றுலா போய்ச் சுட்டுவிட்டு, நினைவாக ஒரு காலித் தோட்டாக்கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாங்கியில் வந்து இறங்குபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மிளகு ஸ்ப்ரேயும் அதே கணக்குத்தான்.

வீட்டுப் பாதுகாப்புதான் உண்மையான கவலை என்றால், வீவக வீட்டுக்கு நல்ல இரும்புக் கதவு, ஒழுங்கான பூட்டு, பேச்சுவார்த்தையில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், 999. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

படி 2: அமெரிக்கப் பட்டியலைத் தலைகீழாகப் படியுங்கள்

அந்த வீடியோக்களில் சொல்வது பொய்யில்லை, அது வேறு வேலைக்கான பட்டியல். இடுப்பில் செருகிக்கொள்ளும் பிஸ்டல் சின்னதாக, தட்டையாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 9 மி.மீ தோட்டா, தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் பத்துக்கு மேல். பதற்றத்தில் விரல் பட்டுச் சுட்டுவிடக் கூடாது என்பதால் ட்ரிக்கர் கனமாக வைத்திருப்பார்கள். குளோக் வகையில் சுமார் இரண்டரை கிலோ அழுத்தம் தேவைப்படும்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் இதற்கு நேர்மாறு. ஒரு தடவைக்கு ஒரே குண்டு, அதையும் கையால்தான் போட வேண்டும். ட்ரிக்கர் அழுத்தம் குறைந்தபட்சம் 500 கிராம், பிஸ்டலின் எடை அதிகபட்சம் 1,500 கிராம். 42 செ.மீ நீளம், 20 செ.மீ உயரம், 5 செ.மீ அகலமுள்ள பெட்டிக்குள் முழுசாக அடங்க வேண்டும். சுடும் இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. போட்டியில் 60 குண்டு, 75 நிமிடம், ஒரே கை.

இரண்டு பட்டியலுக்கும் பொதுவான ஒரு வரி உண்டு: பிஸ்டல் உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். பிராண்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் புதியவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

படி 3: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்

தேசிய சேவையில் சார் 21 சுட்டிருக்கிறேன், குறிசுடும் பட்டயம்கூட வாங்கியிருக்கிறேன் என்று நம்பிக்கையோடு வருபவர்கள் உண்டு. அது தோளில் முட்டுக்கொடுத்து இரண்டு கையால் பிடிக்கும் ரைஃபிள். ஒரு கிலோ எடையை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

யீஷுனில், தேசிய சேவையாளர்களுக்கான சாஃப்ரா மன்றத்தில் ஏர் துப்பாக்கிகளுக்கான உள்ளரங்கச் சுடுதளம் இருக்கிறது. பழைய சுவா சூ காங் ரோட்டிலும் சுடுதளம் உண்டு. ஒரு சுடும் மன்றத்தின் அறிமுக வகுப்பில் சேருங்கள், மன்றத்தின் பிஸ்டலில் சுடுங்கள். உங்கள் குண்டுகள் தாளில் ஒரே இடத்தில் கூட ஆரம்பிக்கும் வரை சொந்த பிஸ்டல் பற்றி நினைக்க வேண்டாம். அந்தக் கூட்டம் நடுவில்தான் விழ வேண்டும் என்றில்லை, ஓரமாக விழுந்தாலும் சரி. சைட்டை, அதாவது பிஸ்டலின் மேல் குறிபார்க்க உள்ள அமைப்பைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவரலாம். சிதறினால்தான் சிக்கல், அதற்குப் புது பிஸ்டல் மருந்தில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கியதும், அது ஏதோ அலட்சியமான ஸ்டைல் என்று உலகமே கொண்டாடியது. ஏர் பிஸ்டலில் அது சாதாரணமான நிலை. சும்மா இருக்கும் கை ஆடினால் உடம்பு ஆடும், அதனால் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ கட்டிப்போடுகிறோம். நம்மூரின் தியோ ஷுன் ஸியே 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தங்கம் வென்றார். அந்தச் சுற்றுகளைத் தேடிப் பாருங்கள், கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

படி 4: எந்தக் கண்?

இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி, நடுவில் சின்ன ஓட்டை விட்டு, தூரத்திலுள்ள ஒரு பொருளை அதன் வழியே பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் தெரிகிறதோ அதுதான் ஆளும் கண். வலக்கைக்காரருக்கு வலக்கண் ஆண்டால் நிம்மதி. மாறியிருந்தால் பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள், வழி இருக்கிறது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. சுடும்போது தெளிவாகத் தெரிய வேண்டியது முன் சைட், இலக்கு அல்ல. கறுப்பு வட்டம் கொஞ்சம் மங்கலாக இருப்பதே சரி. முன் சைட் கை நீளத்துக்குச் சற்று அப்பால் நிற்பதால் படிக்கும் கண்ணாடியும் உதவாது, தூரக் கண்ணாடியும் உதவாது. தூரப் பார்வை எண்ணோடு சுமார் அரை டயாப்டர் கூட்டிய லென்ஸ் பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. கண்ணாடிக் கடையில் தூரத்தைச் சரியாகச் சொல்லிச் செய்து வாங்குங்கள்.

படி 5: கிரிப். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

போட்டி பிஸ்டல்களின் கிரிப், அதாவது கைப்பிடி, மரத்தில் கை அச்சுக்கு ஏற்பச் செதுக்கியிருக்கும். சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள் உண்டு. கீழே உள்ளங்கை உட்காரும் பலகை ஒன்று ஏறி இறங்கும். பிராண்டு ஸ்டெயரோ மொரினியோ வால்தரோ, உலோகம் எல்லாவற்றிலும் உயர்ந்த தரம்தான். உங்கள் புள்ளியைத் தீர்மானிப்பது இந்த மரத்துண்டு.

பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சோதனை. காலி பிஸ்டலைப் பிடித்து, சுடுதளக் கோட்டில் இலக்கை நோக்கி நின்று, கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள். மூச்சை விட்டு நிலைப்படுத்திக்கொண்டு கண்ணைத் திறங்கள். பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில், இருபக்கமும் ஒரே அளவு வெளிச்சத்தோடு முன் சைட் நிற்கிறதா? நின்றால் கிரிப் உங்களுடையது. முன் சைட் எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கினால், ஒவ்வொரு குண்டுக்கும் மணிக்கட்டை முறுக்கித் திருத்துவீர்கள். இருபது குண்டு வரை சமாளிக்கலாம், அறுபது வரை முடியாது.

பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பெண், வலக்கைக்காரி, மன்றத்தின் பிஸ்டலில் நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் எல்லாக் குண்டும் இடப்பக்கம். "அங்கிள், சைட் நேராத்தான் இருக்கு, அப்புறம் ஏன் லெஃப்ட்ல போகுது?" என்றாள். சைட்டைத் தொடாதே, விரலைக் காட்டு என்றேன். கை சிறியது, கிரிப் நடுத்தர அளவு. ட்ரிக்கரை எட்டியது நகத்தை ஒட்டிய நுனி மட்டும். நேராகப் பின்னால் இழுப்பதற்குப் பதில் நுனியால் இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். ட்ரிக்கர் தகட்டின் திருகைத் தளர்த்தி, அதைக் கைப்பக்கம் சில மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தி இறுக்கினோம். முதல் கணுவின் சதைப்பகுதி நடுவில் உட்கார்ந்தது, குண்டுகளும் நடுவுக்கு வந்தன. விரல் அதிகமாக உள்ளே போனால் இதற்கு எதிராக வலப்பக்கம் இழுக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டு மரத்தில் எங்கும் உரசக் கூடாது. உரசினால் ட்ரிக்கர் இழுக்கும்போது பிஸ்டலும் சேர்ந்து நகரும். உள்ளங்கைப் பலகை கையைத் தாங்கினால் போதும், கவ்விப் பிடிக்கும்படி ஏற்றாதீர்கள். மணிக்கட்டு கிரிப்புக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது போட்டி விதியும்கூட.

பிறகு, மரத்தைச் செதுக்கலாம். இழைக்கவும், மரப்பசை வைத்து நிரப்பவும் செய்யலாம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கைப்பிடியில் உப்புத்தாளை வைக்கப் பலருக்கு மனசு வராது. எனக்கு அந்தத் தயக்கம் புரிவதே இல்லை.

படி 6: ட்ரிக்கர்

இரண்டு கட்டமாக இயங்கும் ட்ரிக்கர்தான் வேண்டும். முதலில் லேசாக நகர்ந்து ஓர் இடத்தில் முட்டி நிற்கும், பிறகு சின்ன அழுத்தத்தில் விடும். முதல் கட்டத்தில் அழுத்தத்தின் பெரும்பகுதியை வைத்துக்கொண்டால் புதியவர்களுக்கு வசதி. போட்டியில் 500 கிராம் எடைக்கல்லை ட்ரிக்கரில் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். எடையைத் தாங்காமல் ட்ரிக்கர் விட்டுவிட்டால் அந்த பிஸ்டலோடு களமிறங்க முடியாது. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். மொரினி 162இஐ போன்றவற்றில் ட்ரிக்கர் மின்னணு வகை. மிக மென்மையானது, ஆனால் முதல் பிஸ்டலுக்கு அவசியமில்லை.

குண்டில்லாமல் ட்ரிக்கர் பழகும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல பிஸ்டல்கள் எல்லாவற்றிலும் இருக்கும்.

படி 7: புதியதா, பழையதா?

புதிய போட்டி ஏர் பிஸ்டலை இரண்டாயிரம் வெள்ளிக்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள். மன்றத்தில் மூத்தவர் ஒருவர் விற்கும் பழைய ஸ்டெயர் எல்பி10 கிடைத்தால் நான் அதையே எடுக்கச் சொல்வேன். ஒன்றை மட்டும் பாருங்கள்: காற்றுச் சிலிண்டரில் பொறித்த தேதி. 200 பார் அழுத்தம் தாங்கும் உருளை அது, தயாரிப்பாளர்கள் பத்து ஆண்டுதான் ஆயுள் கொடுக்கிறார்கள். காலாவதி ஆகியிருந்தால் புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

நம்மூர்ப் புழுக்கத்துக்கு இன்னொன்று. வியர்வைக் கை பட்ட உலோகத்தில் துரு சீக்கிரம் எட்டிப் பார்க்கும். சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுச் சுடுதளத்தின் காப்பறையில் கொடுங்கள்.

குண்டு 4.5 மி.மீ, தட்டைத் தலை உள்ளது. அது தாளில் வட்டமாக, சுத்தமாகத் துளைக்கும். ஆரம்பத்தில் மன்றத்தில் கிடைக்கும் சாதாரண ரகம் போதும். ஈயம் என்பதால் சாப்பிடும் முன் கை கழுவுங்கள்.

படி 8: செமி ஆட்டோமேட்டிக் எப்போது?

ஆசை விடாது என்று தெரியும். விளையாட்டில் அதற்கு இடம் 25 மீட்டர் பிஸ்டல். 5.6 மி.மீ விட்டமுள்ள, பாயிண்ட் 22 என்று சொல்லும் சின்னத் தோட்டா, மேகசினில் ஐந்து, ட்ரிக்கர் குறைந்தது 1,000 கிராம். ஒரு குண்டு வெடித்ததும் அதன் விசையே பின்பாகத்தைத் தள்ளி, காலிக் கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிக்கரை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். நம் தே சியூ ஹோங் பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது இந்தப் பிரிவில்தான்.

இதன் வேகப் பகுதியில் கையை 45 பாகைக்குத் தாழ்த்தி வைத்திருந்து, இலக்கு திரும்பும் 3 வினாடிக்குள் உயர்த்தி ஒரு குண்டு சுட வேண்டும். படி 5இல் சொன்ன கண் மூடிய சோதனை நினைவிருக்கிறதா? இங்கே அதற்கு நேரமே கிடைக்காது. கிரிப் பொருந்தினால் சைட் தானே நேராக வந்து நிற்கும். ஏர் பிஸ்டலில் அது கைவந்த பிறகு பார்டினி, வால்தர் ரகங்களைச் சுடுதளத்தில் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள்.

படி 9: வாங்கும் வரிசை

முதலில் மன்றத்தில் பேசுங்கள், பிறகு காவல்துறை அனுமதி, அதன் பிறகுதான் பணம். இந்த வரிசையை மாற்றி வெளிநாட்டு இணையக் கடையில் முன்பணம் கட்டாதீர்கள். வாங்கிய பிஸ்டல் உங்கள் வீட்டுக்கு வராது, சுடுதளத்தின் ஆயுதக் காப்பறையில் இருக்கும். வீட்டில் பழக ஒரு லிட்டர் தண்ணீர் போத்தல் போதும், எடை ஏறக்குறைய பிஸ்டலுடையதுதான். தோள் உயரத்துக்கு நீட்டி, பதினைந்து வினாடி பிடித்து, இறக்கி, மறுபடி. பிஸ்டல் மாதிரி தெரியும் எதையும் ஜன்னலோரம் நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள், எதிர் புளோக்கிலிருந்து 999க்குப் போன் போய்விடும்.