ஹாஃப் மாரத்தான் பயிற்சி: ஓய்வு நாளை எங்கே வைப்பது, எப்படிக் கழிப்பது

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 21.1 கி.மீ. ஓட நினைத்து ஆகஸ்டில் பயிற்சி தொடங்குபவர்களுக்கு, அக்டோபர் வாக்கில் ஒரு தெம்பு வரும். மூச்சு முன்போல வாங்காது. இனி எதற்கு ஓய்வு என்று தோன்றும். கெண்டைக்காலும் முன்கால் எலும்பும் (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் எலும்பு) வலிக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் அப்போதுதான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதங்கள் தேவை. கடுமையாக ஓடி முடித்த முதல் 24 முதல் 36 மணி நேரம், தசைநாணுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைவிடச் சிதைவதே அதிகம். எலும்பிலும் பழையது கரையச் சில வாரங்கள்தான், புதியது கட்டப்படச் சில மாதங்கள். நடுவில் இருக்கிற அந்தப் பலவீனமான காலத்தைக் காப்பாற்றத்தான் ஓய்வு நாள்.

படி 1: ஓட்டத்துக்கு முன் ஓய்வைக் குறியுங்கள்

ஞாயிறு லாங் ரன் (வாரத்தின் நீளமான ஓட்டம்) என்றால் திங்கள் முழு ஓய்வு. வெள்ளி இரண்டாவது ஓய்வு. புதிதாக ஓடுபவர்களுக்கு இரண்டுமே வேண்டும். மற்ற நாட்கள்: செவ்வாய் 5 கி.மீ. மெதுவாக, புதன் 30 நிமிடம் வலுப் பயிற்சி, வியாழன் 6 கி.மீ., நடுவில் 2 கி.மீ. மட்டும் வேகமாக, சனி 4 கி.மீ. மெதுவாக, ஞாயிறு 10 கி.மீ. மெதுவாக.

மெதுவாக என்றால், திணறாமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். பலர் சறுக்குவது இங்கேதான். எளிய நாளில் வேகம் கூட்டிவிட்டு, வியாழனன்று கால் எழவில்லை என்கிறார்கள். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கோச் பில் பவர்மன், கடின நாளை அடுத்து எளிய நாள் என்பதையே தன் பயிற்சியின் அடிப்படையாக வைத்திருந்தார்.

படி 2: நான்காவது வாரம் குறையுங்கள்

வாரத் தூரம் 25, 27, 30 என்று ஏறினால் நான்காவது வாரம் 20 கி.மீ. போதும். ஐந்தாவது வாரம் 30-இலிருந்து தொடருங்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இந்த வாரத்தைத் தாண்டாதீர்கள்.

படி 3: ஓய்வு நாளில் செய்ய வேண்டியவை

20 முதல் 30 நிமிடம் நிதான நடை போகலாம். ஷட்டிலும் டர்ஃப் கிரிக்கெட்டும் வேண்டாம். குதிப்பதும் திடீரென்று திரும்புவதும் அதே தசைநாணைத்தான் இழுக்கும்.

ஓடவில்லையே என்று சோற்றைக் குறைப்பது பெரிய தவறு. லாங் ரன்னில் தீர்ந்த கிளைகோஜன் (தசையில் சேமித்திருக்கும் மாவுச்சத்து) மறுபடி நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதுவும் மாவுச்சத்து கிடைத்தால்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு அன்று சுமார் 300 கிராம் மாவுச்சத்தும் 75 முதல் 95 கிராம் புரதமும் தேவை. புரதத்தை ஒரே வேளையில் கொட்டாமல் பருப்பு, முட்டை, தயிர், மீன் என்று மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் புழுக்கத்தில் நீர்க்கணக்கும் முக்கியம். லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால், அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, உப்போடு கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. தூக்கம் குறைந்தது 7 மணி நேரம்.

படி 4: காலையில் நாடி பாருங்கள்

எழுந்ததும் படுக்கையிலேயே 60 வினாடி எண்ணிக் குறித்துவையுங்கள். வாரச் சராசரியைவிட 7 முதல் 10 துடிப்பு கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்தால் அன்று ஓட வேண்டாம். காரணம் தூக்கக் குறைவோ, நீர் வறட்சியோ, வரவிருக்கும் காய்ச்சலோ, எதுவானாலும் ஓட்டம் அதைச் சரிசெய்யாது.

படி 5: தவறிய ஓட்டத்தை விட்டுவிடுங்கள்

மழையால் வியாழன் ஓட்டம் போனால் போகட்டும். அதை வெள்ளிக்குத் தள்ளினால் ஞாயிறு லாங் ரன்னுக்கு முன் ஓய்வே இருக்காது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். எச்சரிக்கை மறைந்துவிடும், நீர் வற்றிய உடம்பில் ஐபுபுரூஃபன் சிறுநீரகத்தையும் பாதிக்கும். தசை முழுக்கப் பரவிய வலி இரண்டு மூன்று நாளில் தணியும். முன்கால் எலும்பில் ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலித்தால், அழுத்தும்போது சுரீரென்றால், ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் போங்கள். எலும்பில் விரிசல் விழத் தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது என்பதால், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று மறுநாளே ஓடக் கிளம்பிவிடாதீர்கள்.