இலவச ஆன்லைன் பாடத்தை யார் பாதியில் விடுகிறார்கள்: மாலை மையம் நடத்துபவர்களுக்கு

வியாசர்பாடி, காசிமேடு பக்கம் மாலை மையம் நடத்தி, பிள்ளைகளை என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் இலவச ஆன்லைன் பாடத் தளம்) பாடங்களில் சேர்த்துவிடுகிறவர்கள் "20 பேர் சேர்ந்தார்கள், 8 பேர் முடித்தார்கள்" என்பதோடு கணக்கை மூடக் கூடாது. பிரித்துப் பாருங்கள். சொந்த போன் இருக்கும் 10 பேரில் 7 பேர், வீட்டுக்கே ஒரு போன் இருக்கும் 10 பேரில் ஒருவர் என்று வந்தால் குறை பிள்ளையிடம் இல்லை. 2015-இல் ஹார்வர்டு, எம்ஐடியின் 68 இலவசப் பாடங்களை ஆராய்ந்தபோதும், அமெரிக்காவில் வசதியான பகுதிப் பிள்ளைகளே அதிகம் சேர்ந்து, அதிகம் சான்றிதழும் வாங்கியிருந்தார்கள். இலவசம் என்பதாலேயே சமமாகிவிடாது.

சேரும் நாளிலேயே நோட்டில் எழுதுங்கள்: போன் யாருடையது, எத்தனை மணிக்குக் கைக்கு வரும், தமிழ் வழியா, வேலைக்குப் போகிறாரா. பிறகு வாராவாரம் அசைன்மென்ட் போட்டாரா என்று ஒரு டிக். குழு சிறியது, ஒரே ஆள் விட்டாலும் சதவீதம் எகிறும். அதனால் பெயரைப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரத்தைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள். அப்பா துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து இரவு 10 மணிக்கு வந்த பிறகுதான் போன் கிடைக்கும். கெடுவோ அன்று நள்ளிரவு. இரண்டு அசைன்மென்ட் தவறியதும் "இனி வேஸ்ட்" என்று பிள்ளை நிறுத்திவிடும். உண்மையில் 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்தான் கணக்கு, 8 வாரப் பாடத்தில் 6. இதை முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டுங்கள். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. தேற 25-க்கு 10, 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

வீடியோக்களை மையத்து வைஃபையில் 360பி-யில் இறக்கி மெமரி கார்டில் கொடுங்கள். கெடு நாளன்று மாலை மையத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி அசைன்மென்ட் போடவையுங்கள். அதற்கு முன் போனில் எந்த ஜிமெயில் திறந்திருக்கிறது என்று பாருங்கள்: அண்ணன் கணக்கில் போட்ட மதிப்பெண் தங்கைக்கு வராது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு, அந்தப் பாடத்துக்குத் தமிழ் எழுத்துவடிவம் தளத்தில் இருந்தால் அச்செடுத்துக் கொடுங்கள். ஆங்கில உரையை ஓடவிட்டுக் கையில் தமிழைப் படிக்கட்டும்.

பாடம்தான் இலவசம், தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் சொல்லுங்கள். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சாதி, மாற்றுத்திறனாளி சான்றிதழை எல்லோர் முன்னும் கேட்காமல், தனியே கூப்பிட்டு வாங்குங்கள்.