பகிர்வு மிதிவண்டி இருந்தால் ரயில் நிலையத்தையே மாற்றலாம்

சிங்கப்பூரில் செயலிவழி வாடகைக்கு எடுக்கும் எனிவீல், ஹலோரைட் பகிர்வு மிதிவண்டிகளைப் பலரும் வீட்டுக்கு மிக அருகிலுள்ள எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்குப் போக மட்டுமே எடுக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. சற்றுத் தள்ளியிருக்கும் வேறு தடத்தின் நிலையமும் நமக்குக் கைக்கெட்டும் தூரமாகிவிடும்.

பிடோக் நிலையம் அருகே குடியிருப்பவர் பேஃபிரன்ட் நிலையத்துக்குப் போக வேண்டுமானால் நடுவில் ரயில் மாற வேண்டும். மிதிவண்டியில் பிடோக் நார்த் நிலையத்துக்குப் போய்விட்டால், டௌன்டவுன் தடத்தில் ஏறி நேராக இறங்கலாம். 2017 முதல் இந்த ரயில் வசதி இருந்தும் பலர் யோசித்துப் பார்ப்பதில்லை என்பதே என் வருத்தம்.

காலையில் வண்டிகள் அடுக்குமாடி புளோக்குகளின் கீழிருந்து நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே கிளம்புமுன் அருகில் வண்டி இருக்கிறதா என்று செயலியில் பார்த்துவிடுங்கள். பூட்டைத் திறப்பதற்கு முன் டயரை விரலால் அழுத்துங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். முதியவர்கள் நடக்கும் இடம் அது.

ரயிலைப் பிடிக்கும் அவசரத்திலும் மிதிவண்டி நிறுத்தும் மஞ்சள் கட்டத்துக்குள் நிறுத்தி, அங்குள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள். தவறினால் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம்.