உலகக் கோப்பை லோகோ: சொதப்புவது எங்கே?

2014 பிரேசில் கால்பந்து உலகக் கோப்பை லோகோவைத் தேடி எடுங்கள், எழுத்துகளை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள். மூன்று கைகள் சேர்ந்து கோப்பையாகின்றன என்பதுதான் வடிவமைத்தவர்கள் சொன்ன விளக்கம். அதைக் கேட்காதவர் கண்ணுக்கு, யாரோ அவமானத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்பது போலத் தெரியும். பிரேசிலின் மூத்த வடிவமைப்பாளர் அலெஷாண்ட்ரே வோல்னரே இப்படித்தான் சொன்னார். அப்புறம் அரையிறுதியில் பிரேசில் ஜெர்மனியிடம் 7-1 வாங்கியதும்தான் லோகோ பொருத்தமாக அமைந்தது!

மாதக்கணக்கில் ஒரு லோகோவையே வரைந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தான் நினைத்தது மட்டும்தான் தெரியும். அதனால் பந்து வாசனையே இல்லாத நாலு பேரிடம் காட்டி, ஒன்றும் சொல்லாமல், "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்தது அர்த்தத்தை அள்ளித் திணிப்பது. 2018 ரஷ்ய லோகோவில் விண்வெளி, ரஷ்யத் தேவாலயங்களின் ஐகான் ஓவியம், கால்பந்து எல்லாம் உண்டு என்றார்கள், அறிமுகம்கூட விண்வெளி நிலையத்திலிருந்துதான். எனக்கென்னவோ ஷேவிங் மிஷின்தான் தெரிகிறது. கத்தார் 2022-லும் சால்வை, மணல்மேடு, 8 மைதானங்கள் என்று பட்டியல் நீளம்தான், ஆனால் எல்லாம் ஒரே வளைவுக்குள் அடங்கிவிட்டதால் பிழைத்தது. குழந்தைகூடப் பார்த்து வரைந்துவிடும்.

தலைவர்களின் அடையாளத்தைத் தொடாமல் இருப்பதும் நல்லது. அர்ஜென்டினா 1978 லோகோவில் பந்தைச் சுற்றி உயரும் இரண்டு கோடுகள், அந்நாட்டு அதிபராக இருந்த பெரோன், கூட்டத்தைப் பார்த்துக் கைகளை உயர்த்தும் பாணி. 1976-இல் அவர் கட்சி ஆட்சியைக் கவிழ்த்த ராணுவத்துக்கு அது கண்ணை உறுத்தியது, ஆனால் லோகோ ஏற்கெனவே பரவிவிட்டிருந்ததால் மாற்ற முடியாமல் அதை வைத்தே போட்டியை நடத்தினார்கள்.

2026 லோகோவை, 26 என்ற எண் மேல் கோப்பைப் படத்தை ஒட்டிவிட்டார்கள், இதற்கா இத்தனை பேர் என்று திட்டித் தீர்த்தார்கள். அந்த எண் ஒரு சட்டகம், போட்டி நடக்கும் 16 நகரங்களும் தங்கள் நிறத்தை அதில் நிரப்பிக்கொள்ளலாம், அந்த யோசனை எனக்குப் பிடித்தே இருக்கிறது. பிடிக்காதது அந்தக் கோப்பைதான். புகைப்படம் மாதிரி நிழலும் பளபளப்புமாக இருப்பதை மொபைல் ஐகான் அளவுக்குச் சுருக்கினால் மஞ்சள் தீற்றல்தான் மிஞ்சும். தொப்பியில் எம்ப்ராய்டரி போடுபவர் அந்தப் பளபளப்பை எந்த நூலில் கொண்டுவருவார்?