பழைய பேட்டண்ட் மருந்து விளம்பரங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பேட்டண்ட் மருந்துகளின், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் யாரும் வாங்கக்கூடிய தயார் மருந்துகளின், விளம்பரங்கள் இணையத்தில் அடிக்கடி சுற்றுக்கு வருகின்றன. குழந்தைக்கு மார்ஃபின் கலந்த சிரப், பல்வலிக்குக் கொக்கெயின் சொட்டு மருந்து, உச்சி முதல் பாதம் வரை எல்லா நோய்க்கும் ஒரே டானிக். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், "அந்தக் கால ஜனங்கள் எவ்வளவு ஏமாளிகள்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்த வரலாற்றைப் படிக்க வருகிறவர்கள் முதலில் விட்டுவிட வேண்டியது இந்தச் சிரிப்பைத்தான்.

மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1849-இல் மெய்ன் மாநிலத்தின் பாங்கர் ஊரில் தொடங்கிய சரக்கு அது. ஓர் அவுன்ஸில் சுமார் 65 மில்லிகிராம் மார்ஃபின் இருந்தது. பல் முளைக்கும் வேதனையில் ராத்திரி முழுக்க வீறிடும் குழந்தைக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தால் அது தூங்கிவிடும். தாய் கண்டது அவ்வளவுதான். கண்டதைத்தான் பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொன்னாள். உள்ளே என்ன இருக்கிறது என்று புட்டியில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்த அப்போது சட்டமும் இல்லை. இந்த மருந்துகளில் பெரும்பாலானவை பெயருக்குத்தான் பேட்டண்ட். உண்மையில் காப்புரிமை வாங்கினால் செய்முறையை வெளியிட வேண்டியிருக்கும். அதனால் முதலாளிகள் பெயரையும் லேபிளையும் பதிவு செய்துகொண்டு, சேர்மானத்தைப் பூட்டி வைத்தார்கள். மறைத்தவனை விட்டுவிட்டு, மறைக்கப்பட்டவளை ஏமாளி என்பது நியாயமில்லை. சரி, டாக்டரிடம் போயிருக்கலாமே என்றால், பண்ணை வீட்டிலிருந்து டாக்டர் பல மைல் தூரத்தில் இருந்தார். போனாலும் அவர் கொடுத்தது பல நேரம் பாதரசச் சேர்மமான கலோமெல், அல்லது அபின் கரைசல்.

நன்றிக் கடிதங்கள் எல்லாமே கம்பெனிக்காரர்கள் தாங்களே எழுதிக்கொண்டவை என்று நினைப்பது இன்னொரு தவறு. சில அப்படித்தான். ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலம் லின் நகரத்து லிடியா பிங்கம் 1875-இல் விற்கத் தொடங்கிய வெஜிடபிள் காம்பவுண்ட் என்ற மூலிகை மருந்துக்கு வந்து குவிந்த கடிதங்களில் நிஜப் பெண்களின் கடிதங்கள் ஏராளம். கர்ப்பப்பைக் கோளாறை ஆண் டாக்டரிடம் சொல்லக் கூசியவர்கள், இன்னொரு பெண்ணுக்கு எழுத முடிகிறதே என்று எழுதினார்கள். அந்தப் புட்டியில் சுமார் 18 சதவீதம் ஆல்கஹால். குடித்ததும் உடம்பு லேசானதுபோல் இருந்திருக்கும். பல உபாதைகள் நாள் போனால் தாமாகவே குறைந்துவிடும். குறையாமல் செத்துப்போனவர்கள் கடிதம் எழுதுவதில்லை. ஆக, கடிதம் நிஜம் என்பதால் மருந்து நல்லதாகிவிடாது; மருந்து உதவாதது என்பதால் கடிதமும் பொய்யாகிவிடாது. மோசடி வேறோர் இடத்தில் இருந்தது. பிங்கம் அம்மையார் 1883-இலேயே இறந்துவிட்டார். "மிஸஸ் பிங்கமுக்கு எழுதுங்கள்" என்ற விளம்பரம் அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. 1905-இல் லேடீஸ் ஹோம் ஜர்னல் என்ற பத்திரிகை அவருடைய கல்லறைக் கல்லின் படத்தையே அச்சிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

பழைய பத்திரிகைகளைப் புரட்டி ஆராய்ச்சி செய்கிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்த மருந்துகளால் யாரும் செத்ததாகச் செய்தி அகப்படவில்லை, அதனால் பெரிய கேடு நடந்திருக்காது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அன்றைய விளம்பர ஒப்பந்தங்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. மாநிலச் சட்டசபை மருந்து வியாபாரத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றினால் இந்த ஒப்பந்தம் ரத்து என்று சிவப்பு மையில் ஒரு ஷரத்து அவற்றில் இருந்தது. ஹால்ஸ் கட்டார் க்யூர் என்ற சளி மருந்தின் முதலாளி ஃபிராங்க் செனி கொண்டுவந்த யோசனை அது. தன் மாநிலத்தில் மசோதா வந்தால் அதை எதிர்த்து எழுத வேண்டிய நிலைக்குப் பத்திரிகை ஆசிரியரே தள்ளப்பட்டார். 1905-இல் காலியர்ஸ் வார இதழ்தான் இதை அம்பலப்படுத்தியது. சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் அதே இதழில் எழுதிய தொடர், அமெரிக்கர்கள் அந்த ஒரு வருஷத்தில் இந்த மருந்துகளுக்கு ஏழரைக் கோடி டாலர் செலவழிப்பார்கள் என்ற கணக்கோடு தொடங்கியது. அவ்வளவு பணம் புரண்ட காலத்தில் பத்திரிகைகள் எழுதாமல் விட்டதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

எல்லாவற்றையும்விட அதிகமாகப் பரவியிருக்கும் தவறு, 1906-ஆம் வருஷச் சட்டம் இந்த மருந்துகளைத் தடை செய்துவிட்டது என்பது. தடை செய்யவில்லை. 1906 ஜூன் 30 அன்று கையெழுத்தாகி 1907 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த உணவு-மருந்துச் சட்டம், ஆல்கஹால், அபின், மார்ஃபின், கொக்கெயின், ஹெராயின், குளோரோஃபார்ம் போன்ற சில பொருள்கள் இருந்தால் அளவோடு லேபிளில் சொல் என்றது. சொல்லிவிட்டால் விற்கலாம். நோயைக் குணமாக்கும் என்று பொய் சொன்னால்? புற்றுநோய்க்கு மருந்து என்று விற்ற கான்சாஸ் சிட்டிக்காரர் ஒருவர் மீதான வழக்கில், சட்டம் உள்ளடக்கத்தைப் பற்றிய பொய்யைத்தான் தொடும், குணத்தைப் பற்றிய பொய்யைத் தொடாது என்று 1911-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குணத்தைப் பற்றிய பொய்யையும் தடுக்க 1912-இல் ஷெர்லி திருத்தம் வந்தது. அப்போதும் விற்றவரின் ஏமாற்றும் எண்ணத்தை அரசாங்கம் நிரூபிக்க வேண்டியிருந்தது. போதைப்பொருளைக் கட்டுப்படுத்திய 1914 ஹாரிசன் சட்டமும், ஓர் அவுன்ஸில் கால் கிரெயின் (சுமார் 16 மில்லிகிராம்) மார்ஃபின் வரை கலந்த மருந்துகளுக்கு விலக்குக் கொடுத்தது. விற்பதற்கு முன் மருந்து பாதுகாப்பானதா என்று காட்ட வேண்டும் என்ற விதி 1938-இல்தான் வந்தது. அதற்கும் விலை கொடுத்தாயிற்று: 1937-இல் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் கலந்த சல்ஃபனிலமைடு எலிக்சிர் என்ற திரவ மருந்தைக் குடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அதில் குழந்தைகள் நிறைய.

பழைய புட்டி சேகரிப்பவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்ல வேண்டும். லேபிளில் "1906 ஜூன் 30 சட்டத்தின்படி உத்தரவாதம்" என்ற வாசகமும் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். அதைப் பார்த்துப் புட்டி 1906-ஐச் சேர்ந்தது என்று எழுதிவிடாதீர்கள். அது சட்டத்தின் தேதி; புட்டி அதற்குப் பிந்தைய வேறொரு வருஷத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். உத்தரவாதம் கொடுப்பது அரசாங்கமும் இல்லை, தயாரிப்பாளர்தான். அன்றைக்கு வாங்கியவர்களே சர்க்கார் முத்திரை என்று நம்பினார்கள். தயாரிப்பாளர்களுக்கும் அது சௌகரியமாகப் போயிற்று.

அடுத்தது, மேடை போட்டுக் கூத்துக் காட்டி டானிக் விற்றுவிட்டு அன்றிரவே ஊரைவிட்டுப் போனவர்களையும், வீடு வீடாகக் குதிரை வண்டியில் வந்தவர்களையும் ஒன்றாகச் சேர்ப்பது. இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி நம்மிடையே யாரும் அதிகம் எழுதுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். ஜே. ஆர். வாட்கின்ஸ் 1868-இல் மினசோட்டாவின் பிளெய்ன்வியூவில் கற்பூரமும் மிளகாய்க் காரமும் சேர்ந்த சிவப்புத் தைலத்தோடு தொடங்கினார். 1885-இல் வினோனா நகருக்குப் போனார். அவருடைய புட்டியில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வரை உபயோகித்துப் பார்த்துத் திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ். திரும்பி வரப்போகிற வியாபாரிதான் அப்படிச் சொல்ல முடியும். மருந்தோடு வெனிலா, மிளகு, லவங்கப்பட்டை எல்லாம் அதே வண்டியில் வந்தன. கையில் காசு இல்லாத வீட்டுக்குக் கடனும் உண்டு. சமையலறைச் சாமான் வாங்கிய கையோடுதான் தைலமும் வாங்கினார்கள். விளம்பரத்தை மட்டும் வைத்து இந்த வியாபாரத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

வண்டிக்காரரையும் சுரண்டல்காரர் என்று தள்ளிவிட முடியாது. அவரே கம்பெனியிடம் சரக்கைக் கடனாக எடுத்தவர். அதற்கு ஊரில் தெரிந்தவர்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்கள். வசூல் நின்றுபோனால் கம்பெனி அந்த ஜாமீன்தாரர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது. வாட்கின்ஸ், ராலே ஆகிய கம்பெனிகள் போட்ட இத்தகைய வழக்குகள் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகளில் நிறையக் கிடக்கின்றன. இந்த வீட்டு வியாபாரம் எப்படி நடந்தது என்று அறிய அவை நல்ல ஆதாரம்.

அத்தனையும் போலி என்று ஒரே போடாகப் போடுவதும் வேண்டாம். காரத் தைலம் தசைவலிக்குக் கொஞ்சம் இதம் தரும். நம் வீடுகளில் மூக்கடைப்புக்குத் தடவும் விக்ஸ்கூட வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் லன்ஸ்ஃபோர்ட் ரிச்சர்ட்சன் என்ற மருந்துக் கடைக்காரர் இதே காலத்தில் உருவாக்கியதுதான்.

அமெரிக்கக் கதையை அப்படியே நம் ஊருக்கு ஒட்டவும் கூடாது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கினார். 1908-இல் ஆந்திர பத்திரிகையையும் தொடங்கி, 1914-இல் இரண்டையும் சென்னைக்குக் கொண்டுவந்தார். அங்கே மருந்துக் காசு பத்திரிகைகளின் வாயை அடைத்தது. இங்கே தைலம் விற்ற காசு தேசியப் பத்திரிகை ஒன்றை நடத்தியது. சட்டமும் வேறு. ஆர். என். சோப்ரா தலைமையிலான விசாரணைக் குழு 1930-31-இல் ஆராய்ந்த பிறகு 1940-இல் மருந்துச் சட்டமும், மாயமந்திர மருந்து விளம்பரங்களுக்கு எதிரான சட்டம் 1954-இலும் வந்தன. ஆகவே 1920-களின் தமிழ் மருந்து விளம்பரத்தில் சேர்மானம் போடவில்லை என்பதை 1906 அமெரிக்க அளவுகோலால் அளந்து, அதைச் சட்டமீறல் என்று எழுதிவிடக் கூடாது.

கடைசியாக, பரணில் இப்படி ஒரு பழைய புட்டி உள்ளே மருந்தோடு கிடைத்தால் திறக்காதீர்கள், முகராதீர்கள், நாக்கில் வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். பாதரசம், ஆர்சனிக், ஸ்டிரிக்னின் எல்லாம் அன்று மருந்துக் கடைச் சரக்கு; லேபிளில் இல்லை என்பதால் உள்ளேயும் இல்லை என்றாகாது. சாக்கடையில் கொட்டவும் வேண்டாம். லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் நிமிர்த்தி வைத்துவிட்டு, அருகிலுள்ள மருந்தியல் கல்லூரியிலோ அருங்காட்சியகத்திலோ கேளுங்கள்.